கடாரத்து மண்ணில் ஒரு ஜப்பானிய வாள்



கெடா மாநிலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நெல் வயலைப் பற்றி எழுதுவார்கள். இல்லாவிட்டால் ஜெராய் மலையைப் பற்றி எழுதுவார்கள். இம்முறை நாம் ஒரு வாளைத் தேடிக்கொண்டு இந்த மாநிலத்தைச் சுற்றி வரப்போகிறோம். வாள் என்றதும் பயந்துவிட வேண்டாம். இது சண்டைக்குப் போகும் வாள் அல்ல, பயிற்சிக்கு உரியது.

இப்போது தோட்டத்துப் பிள்ளைகளும், தோட்டம் விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்துவிட்ட பிள்ளைகளும் பலவிதத் தற்காப்புக் கலைகளைக் கற்றுக்கொள்கிறார்கள். சிலம்பம் ஒரு பக்கம். கராத்தே, அயிகிடோ, கெண்டோ போன்ற ஜப்பானியக் கலைகள் இன்னொரு பக்கம். இது தவறே இல்லை. அயிகிடோவை மலேசியாவில் வளர்த்த முன்னோடிகளில் ஒருவரே நம்மவர்தான். தம்பி ராஜா என்ற அவர், யோஷின்கான் பள்ளியை நிறுவிய கோசோ ஷியோடாவிடம் ஜப்பானுக்கே போய்ப் பயின்றவர். ஆனால் கலையோடு கூடவே ஓர் ஆசையும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. "வாத்தியாரையா, பையன் சாமுராய் வாள் வாங்கித் தா என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். உழைத்துச் சேர்த்த பணம், ஒரே பிள்ளையின் ஆசை, வீட்டில் சின்னஞ்சிறுசுகள். இந்தக் கேள்விக்கு 'வாங்கு', 'வாங்காதே' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. என்னோடு கொஞ்ச தூரம் வாருங்கள்.

பட்டணத்துக் கடையில்

முதலில் சுங்கைப்பட்டாணிக்குப் போவோம். சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்களுக்கெல்லாம் பட்டணம் என்றால் அதுதானே! தீபாவளித் துணியும் அங்கேதான், பள்ளிக்கூடப் புத்தகப் பையும் அங்கேதான். இப்படிப்பட்ட பட்டணங்களின் அன்பளிப்புக் கடைகளிலும் இரவுச் சந்தைகளிலும் சில சமயம் ஜப்பானிய வாள் மாதிரிகள் கண்ணில் படும். கறுப்பு உறை, சிவப்புக் கயிறு, பளபளவென்று மின்னும் அலகு. பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று வாள்களை ஒரு மரத்தாங்கியில் அடுக்கி வைத்திருப்பார்கள். விலையும் பயமுறுத்தாது. 'ஒன்றின் விலைக்கு மூன்று கிடைக்கிறதே!' என்று பையன் கண் விரியும்.

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். நம் வீட்டில் பாராங் கத்தி இருக்கிறது அல்லவா? அதன் இரும்பு எங்கே முடிகிறது? கைப்பிடியோடு நின்றுவிடுவதில்லை. வால்போல் நீண்டு கைப்பிடி மரத்துக்குள் ஆழமாகப் போகிறது. அந்த வால் உறுதியாக இருந்தால்தான் கத்தி கையில் நிற்கும். பிடி ஆடத் தொடங்கிய கத்தியை எடுத்துக்கொண்டு யாரும் புல் வெட்டப் போகமாட்டார்கள்.

ஜப்பானிய வாளிலும் அதே கணக்குத்தான். முறையாகச் செய்த வாளில் அலகும் வாலும் ஒரே இரும்பு. வால் கைப்பிடிக்குள் வெகுதூரம் செல்லும். கைப்பிடியின் குறுக்கே துளையிட்டு, அதில் ஒரு மூங்கில் ஆணியை இறுக்கி, வாலைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். சுவரில் மாட்டும் மலிவு வாள்களிலோ பெரும்பாலும் அப்படி இல்லை. அலகின் அடியில் ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்து, மறையைப் போட்டு முடுக்கியிருப்பார்கள். எலி வால்போல் இருக்கும். அலகும் துருப்பிடிக்காத எஃகு. துருவுக்கு அது நல்லதுதான். ஆனால் வாள் நீளத்துக்கு அதை அடித்து வீசினால் உடைந்துபோகும் இயல்பு உண்டு.

இரண்டு கையாலும் ஓங்கி வீசும்போது அந்தப் பற்றவைப்பு விட்டுப்போனால் என்ன ஆகும்? பிடி மட்டும் கையில் இருக்கும். அலகு பறந்து போகும். எதிரே தம்பி நிற்கலாம், துணி காயப்போடும் தாய் நிற்கலாம். கூர் இல்லாத வாள்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. முனை போதும், உயிருக்கு உலை வைக்க. சுவருக்காகச் செய்த வாள் சுவரிலேயே இருக்கட்டும். அதைப் பயிற்சிக்கு எடுக்கவே கூடாது.

சுங்கை பத்துவின் இரும்பு

இனிச் சுங்கைப்பட்டாணியை விட்டு வடக்கே பீடோங் வரை போய், அங்கிருந்து மேற்கே செமிலிங் பக்கம் திரும்புவோம். செம்பனை மரங்களுக்கு நடுவே சுங்கை பத்து என்ற இடம் வரும். வடக்கே நிமிர்ந்து பார்த்தால் ஜெராய் மலை, 1,200 மீட்டருக்கும் மேலான உயரத்தோடு நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும். வாள் தேடி வந்த நாம் இங்கே ஏன் நிற்கிறோம்? காரணம் இருக்கிறது.

2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழுவினர் இங்கே மண்ணைத் தோண்டினார்கள். இரும்பு உருக்கிய களிமண் உலைகளின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. உலைக்குள் காற்று செலுத்திய சுடுமண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. பழைய ஆற்றங்கரையில் படகுத் துறையின் செங்கல் கட்டடங்களும் தெரிந்தன. கிறிஸ்து பிறந்த காலத்தை அடுத்த நூற்றாண்டுகளிலேயே இங்கே இரும்புத் தொழில் நடந்திருக்கிறது. அதற்கும் வெகு முந்தியது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. நாம் பால் மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைத்த இதே மண்ணுக்குள் ஒரு பழைய இரும்புப் பட்டறை புதைந்து கிடந்திருக்கிறது!

1025ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை வந்ததாகக் கல்வெட்டு கூறும் கடாரம் இந்தக் கெடாவே என்று நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அதற்கும் முன்னால், 10ஆம் நூற்றாண்டில், அபூ துலஃப் என்ற அரபுப் பயணி 'கலா' என்னும் துறைமுகத்தைப் பற்றி எழுதினார். அங்கே செய்யப்படும் வாள்களை உயர்வாகக் குறிப்பிட்டார். அந்தக் கலா நம் கடாரமாகவே இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. ஆக, சாமுராய் வாளைப் பார்த்து வாய் பிளக்கும் நம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: வாள் இந்த ஊருக்குப் புதிதல்ல. நம் தமிழ்நாட்டுக் கொடுமணலிலும் பண்டைக்காலத்தில் இரும்பும் எஃகும் உருக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னிந்திய எஃகை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று அழைத்தார்கள். 'உருக்கு', 'உக்கு' என்ற நம் தென்னாட்டுச் சொல்லே அப்படித் திரிந்தது என்பார்கள்.

ஜப்பானியர் செய்வதும் அடிப்படையில் இதே களிமண் உலை வேலைதான். அங்கே ஷிமானே மாவட்டத்தில் 'தத்தாரா' என்ற உலையை 1977ஆம் ஆண்டில் மீண்டும் ஏற்றினார்கள். குளிர்காலத்தில் மட்டும் எரியும் அந்த உலையில் இரும்பு மணலையும் மரக்கரியையும் மாறி மாறிக் கொட்டி, மூன்று பகலும் மூன்று இரவும் கண்விழித்துக் காப்பார்கள். பிறகு உலையை இடித்து, உள்ளே திரண்ட கட்டியை எடுத்து, அதில் நல்ல பகுதியை மட்டும் வாள் கொல்லருக்குக் கொடுப்பார்கள். கொல்லர் அதைக் காய்ச்சி, மடித்து, அடித்து, மறுபடி மடிப்பார். வாளின் முதுகில் கனமாகவும் வாய்ப்பக்கம் மெல்லியதாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும். அந்த வாளுக்கு அழகான வளைவு வருவதும் இந்தத் தோய்ச்சலில்தான்.

ஜப்பானில் உரிமம் பெற்ற கொல்லர் ஒரு மாதத்தில் இரண்டு நீண்ட வாள்களுக்கு மேல் செய்ய முடியாது. அப்படிப்பட்ட வாளின் விலை ஒரு காரின் விலை. ஆகவே, பட்டணத்துக் கடையிலோ தபாலிலோ கிடைப்பது அதுவல்ல என்பதைப் பிள்ளைகள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். உலகச் சந்தையில் விற்கும் எஃகு மாதிரி வாள்களில் பெரும்பகுதி சீனாவின் செஜியாங் மாநிலத்தில் உள்ள லோங்சுவான் பட்டணத்துப் பட்டறைகளில் செய்யப்படுபவை. அவற்றில் நல்லதும் உண்டு, பொய்யும் உண்டு. உறையின் பளபளப்பைப் பார்த்துத் தரத்தைச் சொல்லிவிட முடியாது.

எதை வாங்குவது?

சிலம்பம் கற்கப் போன பிள்ளைக்கு ஆசான் முதல் நாளே சுருள்வாளைக் கையில் கொடுப்பாரா? மாட்டார். நெற்றி உயரத்துக்கு ஒரு பிரம்பு. அதற்கும் முன்னால் வெறுங்காலடி. கால் நிலைத்த பிறகே கம்பு. கம்பு பழகிய பிறகே மற்றவை. ஜப்பானிய ஆசான்களின் வழக்கமும் இதேதான்.

முதல் ஆயுதம் மர வாள். இதை 'பொக்கென்' என்பார்கள். ஓக் என்னும் கடினமான மரத்தில் செய்வது. நீளம் ஏறக்குறைய 102 செண்டிமீட்டர். வாங்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து அடிவரை பாருங்கள். பக்கவாட்டில் கோணல் இருக்கக் கூடாது. மரத்தின் ரேகை அடியிலிருந்து நுனிவரை ஓட வேண்டும். நடுவில் குறுக்கே வெளியேறினால் அந்த இடத்தில் முறியும். முடிச்சு, வெடிப்பு இருந்தால் வேண்டாம். மர வாள்தானே என்று ஏளனம் செய்யாதீர்கள். ஜப்பானின் புகழ்பெற்ற வாள்வீரர் மியாமோத்தோ முசாஷி, 1612இல் தம் பெரிய போட்டியாளரை மர வாளால்தான் வென்றார் என்பது அந்நாட்டு வழக்கு. படகுத் துடுப்பைச் செதுக்கி அந்த வாளைச் செய்துகொண்டாராம்.

கெண்டோ பழகுபவர்கள் ஒருவரை ஒருவர் அடிப்பதற்கு மூங்கில் வாள் வைத்திருப்பார்கள். நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துத் தோலால் கட்டியது. இதிலும் சிம்பு கிளம்பியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தடவிப் பார்க்க வேண்டும். கிளம்பிய சிம்பு முகக் கவசத்தின் கம்பிக்குள் புகுந்து கண்ணைக் குத்தும்.

உறையிலிருந்து வாளை உருவி, வீசி, திரும்ப உறையில் இடும் கலைக்கு 'இயாய்டோ' என்று பெயர். அதற்குத்தான் உலோக வாள் தேவைப்படும். அதிலும், ஜப்பானில் பழகுநர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது எஃகு அல்ல. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த, கூர் இல்லாத வாள். 1958ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் வாள் சட்டம் மிகக் கடுமை. அதனால் வந்த ஏற்பாடு இது. தோற்றத்தில் அசல்போலவே இருக்கும். ஆனால் எதையும் வெட்ட உதவாது, கூர் தீட்டவும் முடியாது. ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டாது. இந்த வாளால் இன்னொரு வாளோடு மோதவும் கூடாது. காற்றில் வீசுவதற்கு மட்டுமே.

அப்படியொன்றை வாங்கும் கட்டம் வந்தால், ஆசானை உடன் அழைத்துக்கொண்டு வாங்குங்கள். கையைத் தொங்கவிட்டு வாளைப் பிடித்தால் நுனி தரையைத் தொடக் கூடாது. ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று சத்தம் வரக் கூடாது. மூங்கில் ஆணியைக் கழற்றிக் கைப்பிடிக்குள் இருக்கும் வாலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத கடைக்காரரிடம் வாங்க வேண்டாம். வாங்கிய பின், ஒவ்வொரு நாளும் வாளை உருவுமுன் அந்த ஆணியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு சிறு மூங்கில் துண்டுதான்; அது சுருங்கித் தளர்ந்தால் அத்தனையும் போயிற்று.

கூர்மையான எஃகு வாள்? பல ஆண்டு பழகியவர், ஆசானின் கண்முன்னால், வைக்கோல் பாயைச் சுருட்டி வைத்து வெட்டிப் பழகுவதற்கு மட்டுமே அது தேவை. பதினாறு வயதுப் பையனுக்கு அது வேண்டியதில்லை.

ஜித்ராவின் நினைவு

இனி வட திசையில் பயணத்தைத் தொடர்வோம். குரூண் தாண்டி, நெல்வயல் விரியும் அலோர் ஸ்டார் தாண்டி, ஜித்ராவுக்கு வருவோம். இன்று பார்த்தால் கடையும் வீடும் வாகன நெரிசலுமாக ஒரு சாதாரணப் பட்டணம். 1941 டிசம்பர் 11, 12 தேதிகளில் இங்கேதான் பிரிட்டிஷ் படையின் தற்காப்பு உடைந்தது. போரிட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களும் கூர்க்காக்களும். அதற்கு முன்பே, டிசம்பர் 8இல், சுங்கைப்பட்டாணி விமானத் தளத்தில் ஜப்பானியர் குண்டு வீசியிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, 1942 பிப்ரவரி 15இல், சிங்கப்பூரும் வீழ்ந்தது.

'ஜப்பான்காரன் காலம்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் காலத்தின் அடையாளம் இடுப்பில் தொங்கிய நீண்ட வாள். ஒரு செய்தி பலருக்குத் தெரியாது: அந்த இராணுவ வாள்களில் மிகுதியானவை பழைய கொல்லர் கைவேலை அல்ல. தொழிற்சாலையில் செய்து, கீழ்நிலை அதிகாரிகளின் வாள்களுக்கு வரிசை எண்ணும் குத்தி அனுப்பியவை. ஆனால் மக்களுக்கு அது கைவேலையா இயந்திர வேலையா என்பதா முக்கியம்? மலாயாவின் சில பட்டணங்களில் மனிதத் தலைகளை வெட்டி மக்கள் பார்க்க வைத்தார்கள். தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்து, 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதைக்கு அனுப்பினார்கள். போன தமிழர் பல்லாயிரம், திரும்பாதவரும் பல்லாயிரம். திரும்பாத ஒருவரின் பெயரைச் சொல்லிப் படையல் போடும் குடும்பங்கள் கெடாவில் இன்னமும் உண்டு.

அதனால்தான் சில வீடுகளில், பேரன் ஜப்பானிய வாள் என்று பேச்செடுத்தாலே பாட்டி முகம் மாறிவிடுகிறது. அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் இப்போது மிகச் சிலர். அவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்கள் பலர். இளைஞர்களே, கலை வேறு, படையெடுத்து வந்த இராணுவம் வேறு என்று நீங்கள் வாதாடலாம், அது நியாயமும்கூட. ஆனால் முதலில் அந்தப் பாட்டியின் அருகில் உட்கார்ந்து, அவர்கள் வீட்டில் யார் போனார், யார் திரும்பவில்லை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, மர வாளை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு, உலோக வாளை ஆசானின் பயிற்சிக்கூடத்திலேயே வைத்துவிடலாம். மரியாதையும் காப்பாற்றப்படும், பயிற்சியும் கெடாது.

சட்டமும் வீடும்

திரும்பி வரும் வழியில் முக்கியமான ஒன்றைப் பேசிவிடுவோம். நம் நாட்டிலும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அரிக்கும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ஆயுதங்கள் பற்றியது. தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருந்தால், 5 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறையும், அதோடு பிரம்படியும் உண்டு. காரணம் தகுந்ததுதான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு வைத்திருந்தவர் தலையில் விழும். 'பயிற்சிக்குப் போகிறேன்' என்று வாயால் சொன்னால் போதாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரவு பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளின் பின்னால் வாளைச் செருகிக்கொண்டு, நாலு நண்பர்களோடு சாலை முனையில் நிற்கும் இந்தியப் பையனைப் பார்த்தால் போலீஸ்காரர் என்ன நினைப்பார்? நம் பிள்ளை நல்ல பிள்ளை என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கையில் வாள் இருக்கிறது என்று தெரிந்தால், வேண்டாத கூட்டமும் அவனைத் தேடி வரும். ஒரு வாளுக்காகப் பிள்ளையின் பத்து ஆண்டைப் பணயம் வைக்கலாமா?

ஆகவே, உலோக வாள் வாங்குமுன் ஆசானோடு பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே சுங்கத் துறையில் விசாரியுங்கள். கொண்டுபோகும்போது பையில் கட்டி, வாகனத்தின் பின்பெட்டியில் வைத்து, பயிற்சிக்கூடத்துக்கு நேராகப் போய் நேராகத் திரும்புங்கள். சங்கத்தின் உறுப்பினர் அட்டையும் கையில் இருக்கட்டும். வழியில் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தி நண்பர்களுக்கு உருவிக் காட்ட வேண்டாம்.

வீட்டில் பூட்டிய அலமாரியில் வையுங்கள். சாவி பெற்றோரிடம் இருக்கட்டும். கெடாவின் மழைக்கால ஈரத்தில் எஃகு ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். விரல் பட்ட இடத்தைத் துணியால் துடைத்து, எண்ணெயை மெல்லியதாகப் பூச வேண்டும். பால் வெட்டும் கத்தியைத் தீட்டிப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆயுத பூஜையன்று அந்தக் கத்தியைக் கழுவிப் பொட்டு வைத்துக் கும்பிட்ட மக்கள் நாம். தோட்டத்துக் கோயிலில் மதுரை வீரன் கையில் இருக்கும் வாளை யாரும் விளையாட்டுக்குத் தொடுவதில்லை. அதே கட்டுப்பாடு இந்த வாளுக்கும் வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளை வாள் கேட்டால் கோபிக்காதீர்கள். ஒரு மர வாள் வாங்கிக் கொடுத்து, ஓர் ஆண்டு தவறாமல் பயிற்சிக்குப் போகிறானா என்று பாருங்கள். மகள் கேட்டாலும் அப்படியே செய்யுங்கள். ஓர் ஆண்டு முடிந்து அந்த மர வாளின் பிடி வியர்வையில் கறுத்திருந்தால், அடுத்த பேச்சை ஆசானோடு உட்கார்ந்து பேசலாம். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சுங்கை பத்துவுக்கு அழைத்துப் போய், அந்த உலை இருந்த இடத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.